ஏறாமல் நின்ற 37 படங்கள்: ஃபோல்டர் அப்லோடு பாதியில் நின்றால் என்ன செய்வது?

ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டுப் பூப்போட்ட தளக்கல், வார்க்கும் பட்டறை ஒன்றில் ஆர்டரும் கணக்கும் பார்க்கிறேன். கோட்டையூரில் ஒரு பழைய வீட்டைச் செப்பனிடுகிறார்கள். உடைந்த தளக்கல்லை எடுத்துவிட்டு, அதே பூ, அதே நிறத்தில் புதுக்கல் வார்த்துத் தர வேண்டும். அறை அறையாகப் படம் எடுத்து, சென்னையில் உள்ள ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தோடு நாங்கள் பகிர்ந்துகொள்ளும் ஃபோல்டரில் ஏற்றுவது என் பொறுப்பு. மொத்தம் 412 படங்கள். ஒரு மாலை முழு ஃபோல்டரையும் பிரவுசரில் இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் வீட்டு ஆச்சியிடமிருந்து போன். "தம்பி, ரெண்டாங்கட்டுப் படம் ஒண்ணுமே வரலையாம்ல. மெட்ராஸ்ல இருந்து கேக்குறாக."

பார்த்தால் 375 ஏறியிருந்தது, 37 ஏறவில்லை. இரண்டு நாள் இணையத்தைத்தான் சந்தேகப்பட்டேன். மோடத்தை அணைத்துப் போட்டேன், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் முயன்றேன், முழு ஃபோல்டரையும் மூன்று முறை திரும்ப ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் அதே 37தான் நின்றது. நெட் கோளாறாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஃபைல் நிற்கும். ஒரே ஃபைல்களே நின்றால் சிக்கல் அந்த ஃபைல்களிடம்தான் இருக்கிறது. இது முதலிலேயே தெரிந்திருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

படி 1: எவை நின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் உள்ளே எத்தனை ஃபைல் என்று காட்டும். ஏறியதோடு ஒப்பிடுங்கள். அப்லோடு நடக்கும்போது திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதைத் திறந்தால் ஏறாத ஃபைல்களின் பெயரும், பெரும்பாலும் காரணமும் இருக்கும். டேபை மூடினால் அந்தப் பட்டியல் போய்விடும், எனவே முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். முழு ஃபோல்டரையும் மறுபடி ஏற்றாதீர்கள். கூகுள் டிரைவ் ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்களை அனுமதிக்கும். திரும்பத் திரும்ப ஏற்றினால் எது எது என்றே தெரியாமல் குழம்பிவிடும்.

படி 2: ஒரு ஃபைலை வைத்துச் சோதனை

நின்ற ஃபைல்களில் ஒன்றை டெஸ்க்டாப்பில் நகல் எடுங்கள். பெயரை வெறும் 'அ' என்று மாற்றுங்கள். பகிர்ந்த ஃபோல்டரின் மேல்மட்டத்திலேயே, உள் ஃபோல்டர் எதற்குள்ளும் போகாமல், அதை ஏற்றிப் பாருங்கள்.

ஏறினால் சிக்கல் பெயரிலோ பாதையிலோ (ஃபைல் எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டும் பெயர் வரிசை) இருக்கிறது: படி 3, 4 பாருங்கள். ஏறாவிட்டால் இடம், அனுமதி, இணையம் இவற்றில் ஒன்று: நேரே படி 5.

என் படம் மூன்று நொடியில் ஏறியது.

படி 3: பாதையின் நீளம்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டை நடந்து பார்க்கும் வரிசையிலேயே ஃபோல்டர் போட்டிருந்தேன். முகப்பு, அடுத்து வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று வீட்டின் பகுதிகள் ஒவ்வொன்றாக. இரண்டாங்கட்டுக்குள் கிழக்கு வரிசை, அதற்குள் அறை, அறைக்குள் நடுக்கல், பார்டர் கல் என்று தனித்தனி. ஒவ்வொரு ஃபோல்டர் பெயரிலும் 'கோட்டையூர் பெரிய வீடு' என்று மறுபடியும் எழுதியிருந்தேன், தனியாகப் பார்த்தாலும் எந்த வீடு என்று தெரியட்டுமே என்று. முகப்புப் படங்கள் மேலேயே இருந்ததால் ஏறிவிட்டன. வீட்டுக்குள் உள்ளே போகப் போக ஃபோல்டருக்குள்ளும் ஆழம் கூடியது, பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போயின. இரண்டாங்கட்டு மட்டும் நின்றதற்கு அதுதான் காரணம்.

மைக்ரோசாஃப்டின் ஃபைல் சேமிப்புச் சேவைகளான ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட் இரண்டிலும் ஃபோல்டர் பெயர்கள், ஃபைல் பெயர் எல்லாம் சேர்ந்த முழுப் பாதை 400 எழுத்தைத் தாண்டக் கூடாது. டீம்ஸ் சேனலில் நீங்கள் போடும் ஃபைல் உண்மையில் ஷேர்பாயின்ட்டில்தான் உட்காருகிறது, அதனால் அங்கேயும் இதே கணக்கு. விண்டோஸின் பழைய எல்லை இன்னும் குறைவு: 260. அதனால் உங்கள் பிரவுசரில் ஏறிவிட்ட ஃபைல், அதே ஃபோல்டரைத் தன் கம்ப்யூட்டரில் சிங்க் செய்திருக்கும் (தானாக நகல் இறங்கும்படி வைத்திருக்கும்) நண்பரிடம் போய் நிற்கலாம்.

இங்கே பலரும் சொல்லும் அறிவுரை: "தமிழில் பெயர் வைக்காதே, அதனால்தான் வரவில்லை." இதை நான் ஏற்கவில்லை. என்ன நடக்கிறது என்று பாருங்கள். கோட்டையூர் என்பது நம் கண்ணுக்கு 5 எழுத்து. கம்ப்யூட்டர் புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணும்: க, ோ, ட, ், ட, ை, ய, ூ, ர, ். ஆக 10. லிங்க்கை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொன்றும் % குறியோடு ஒன்பது எழுத்தாக விரியும், அப்போது அதே ஊர்ப்பெயர் 90 எழுத்து நீளத்துக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். 400 என்ற எல்லை அந்த விரிந்த வடிவத்துக்கு இல்லை, விரிப்பதற்கு முன் உள்ள பெயருக்குத்தான். அதாவது கணக்கில் வருவது 10. நம் ஊர்ப்பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், தாராளமாக. கண்ணுக்குத் தெரிவதைப்போல் இரண்டு மடங்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பட்டறையில் கல் வார்க்கும் அண்ணன்மார் இந்த ஃபோல்டரைத் திறந்துதான் பூவைப் பார்த்து அச்சை எடுக்கிறார்கள். அவர்களுக்குப் 'பட்டாலை' என்றால் சட்டென்று புரியும். அதை விட்டுவிட்டு வேறொரு மொழியில் எழுதிவைத்து யாருக்கு லாபம்?

நீளத்தை அளப்பது இப்படி. ஃபோல்டரைத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் * என்ற ஒரு குறியை மட்டும் போடுங்கள். உள் ஃபோல்டர்களில் உள்ள எல்லா ஃபைலும் வரிசையாக வரும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்தால் 'காப்பி ஆஸ் பாத்' என்று இருக்கும். அதை எக்ஸெலில் ஒட்டி, பக்கத்து வரிசையில் எழுத்தை எண்ணித் தரும் லென் (LEN) ஃபார்முலா போடுங்கள். வருகிற எண்ணில் 2 கழிக்க வேண்டும், ஏனென்றால் ஒட்டும்போது இருபுறமும் மேற்கோள் குறி சேர்ந்துகொள்ளும். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் குற்றவாளிகள் மேலே வந்து நிற்பார்கள்.

இது உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பாதை. ஏற்றும் இடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டர் பெயர்களும் இதோடு சேரும். அதனால் 200ஐத் தாண்டினாலே நான் சுருக்கிவிடுகிறேன். பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவதை எடுத்துவிட்டாலே பாதி குறைந்துவிடும்.

படி 4: பெயருக்குள் இருக்கும் கோளாறு

முதலில் எளிதானது. " * : < > ? / \ | இந்தக் குறிகள் ஒன்டிரைவிலும் ஷேர்பாயின்ட்டிலும் ஆகாது. விண்டோஸே இவற்றை விடாது, ஆனால் மேக்கிலிருந்து வரும் ஃபைல்களில் இருக்கும். தேதியை 12/04 என்று பெயரில் எழுதும் பழக்கம் இருந்தால் 12-04 என்று மாற்றிக்கொள்ளுங்கள். பெயரின் முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் ஏறாது. வாட்ஸாப்பிலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டும்போது இது நடக்கும், கண்ணுக்குத் தெரியாது. ~$ என்று தொடங்கும் ஃபைல் ஏறவில்லை என்று வந்தால் விட்டுவிடுங்கள். வேர்டோ எக்ஸெலோ திறந்திருக்கும்போது தானாக உருவாகும் தற்காலிக ஃபைல் அது, மூடினால் போய்விடும்.

அடுத்தது இரட்டை ஃபோல்டர். பாதையைச் சரிசெய்து ஏற்றிய பிறகும் எனக்கு இது வந்தது. 'கோட்டையூர்' என்று இரண்டு ஃபோல்டர், எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோலவே, பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் பாதிப் படம், மற்றதில் மீதி. ஒரு மணி நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ோ என்ற குறியைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதுவது ஒன்று. முன்னால் வரும் ே, பின்னால் வரும் ா என்று இரண்டாகப் பிரித்து எழுதுவது இன்னொன்று. ொ, ௌ இரண்டுக்கும் இதே கதைதான். திரையில் வித்தியாசமே தெரியாது. விண்டோஸுக்கு அவை வேறு வேறு பெயர். சில படங்களை எடுத்துத் தந்த படக்காரர் தம்பி அவற்றை ஒரு பழைய மேக்கில் ஜிப் செய்து அனுப்பியிருந்தார். பழைய மேக் டிஸ்க் வடிவம் பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். நான் விண்டோஸில் தட்டியது ஒரே குறி.

கண்டுபிடிக்க அதே லென் ஃபார்முலா உதவும். இரண்டு ஃபோல்டர் பெயரையும் எக்ஸெலில் ஒட்டிப் பாருங்கள். ஒன்று 10 என்று வரும், மற்றது 11. நான் 10ஐ வைத்துக்கொண்டு, 11இல் இருந்த படங்களை அதற்குள் நகர்த்திவிட்டுக் காலியானதை நீக்கினேன். கோவிலூர், கோனாபட்டு, தேவகோட்டை, கொத்தமங்கலம் என்று நம் பக்கத்து ஊர்ப்பெயர்களில் இந்தக் குறி நிறையவே வருகிறது, எனவே கவனமாக இருங்கள்.

படி 5: இடமும் அனுமதியும்

கூகுள் டிரைவில் வேறொருவர் பகிர்ந்த ஃபோல்டரில் நீங்கள் போடும் ஃபைல் உங்கள் இடத்தில்தான் கணக்காகும், ஃபோல்டர்காரரின் இடத்தில் இல்லை. இலவசக் கணக்கில் 15 ஜிபி, அது ஜிமெயிலுக்கும் கூகுள் ஃபோட்டோஸுக்கும் சேர்த்து. அவர்களிடம் எவ்வளவு இடம் இருந்தாலும் உங்களுடையது நிரம்பியிருந்தால் ஏறாது. அலுவலகக் கணக்கின் ஷேர்டு டிரைவில் மட்டும் இந்தக் கணக்கு மாறும், அங்கே ஃபைல் நிறுவனத்துக்குச் சொந்தம்.

பார்க்க மட்டும் அனுமதி இருந்தால் அப்லோடு பட்டனே வேலை செய்யாது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை வைத்து ஏற்றுவது?

ஐம்பது ஃபைல் வரை பிரவுசர் போதும். அதற்கு மேல் என்றால் டெஸ்க்டாப் சிங்க் ஆப்தான் என் தேர்வு. கரண்ட் போனாலும் லேப்டாப் தூங்கினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிரவுசர் டேப் அப்படி இல்லை. பெயர்களை மொத்தமாக மாற்ற மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித்தொகுப்பான பவர்டாய்ஸில் உள்ள பவர்ரீநேம் அருமை, மாற்றுவதற்கு முன்பே பழையதும் புதியதும் அருகருகே தெரியும். ஜிப் செய்தால் 7-ஜிப்பில் செய்யுங்கள், தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் போய்ச் சேரும்.

பின்சேர்க்கை 1: காலி ஃபோல்டர்கள் மட்டும் காணோம் என்று காரைக்குடியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். பிரவுசரில் பட்டனை அழுத்தி ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பட்டியல்தான் போகும், காலி ஃபோல்டருக்கு அதில் இடமில்லை. சிங்க் ஆப் மூலம் அனுப்புங்கள், அல்லது ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் குறிப்பு ஃபைல் போட்டு வையுங்கள்.

பின்சேர்க்கை 2: அலுவலகத்திலேயே லினக்ஸ் சர்வர் வைத்து நெக்ஸ்ட்கிளவுட் (சொந்த சர்வரில் ஃபைல் பகிரும் மென்பொருள்) ஓட்டுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அங்கே பொதுவாக ஒரு ஃபைல் பெயரின் எல்லை 255 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஆக ஒரு பெயரில் 85 குறிக்கு மேல் போகாது, அதிலும் கடைசியில் வரும் புள்ளியும் ஃபைல் வகையும் சேர்த்தி. விண்டோஸ் ஏற்றுக்கொண்ட பெயரை சர்வர் ஏற்காமல் போவது இதனால்தான். என் பழைய பெயர்களில் பல 78 குறி நீளம் இருந்தன. இப்போது எந்தப் படத்தின் பெயரும் 40 குறியைத் தாண்டுவதில்லை: 'இரண்டாங்கட்டு கிழக்கு அறை பார்டர் 03'.

37 படமும் போய்ச் சேர்ந்த அன்று மாலையே ஆர்க்கிடெக்ட் அலுவலகத்திலிருந்து கிழக்கு அறையின் பார்டர் கல்லுக்கு அளவு வந்துவிட்டது. அடுத்த வாரம் கண்ணாடி மேல் அச்சை வைத்து முதல் கல்லை வார்த்தோம்.