நைட் டியூட்டி நர்ஸுக்குக் குழந்தை பார்க்க ஆள் தேடுவது

முதலில் உண்மையான நேரத்தைக் கணக்கிடுங்கள். ரோஸ்டரில் இரவு 8 முதல் காலை 8 என்றிருக்கும். அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர், பஸ் எல்லாம் சேர்ந்தால் வீடு வர 9.30 ஆகிவிடும். ஆயாவிடம் 9.30 என்று சொல்லியே சம்பளம் பேசுங்கள். 8 என்று பேசிவிட்டுத் தினமும் தாமதித்தால் நல்ல ஆள்கூட வேலையை விட்டு நின்றுவிடுவார். நைட் முடிந்து நீங்கள் தூங்கும் ஐந்தாறு மணி நேரத்துக்கும் ஆள் வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்பது 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த விதி. எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். இரவில் திறந்திருக்குமா என்பதையும் சேர்த்தே. அங்கன்வாடி பகலோடு சரி.

புது ஆயாவை உங்கள் ஆஃப் நாளில் வரச்சொல்லி, நீங்கள் வீட்டிலிருக்கும்போதே பழக்குங்கள். பீய்ச்சிய தாய்ப்பால் ஃப்ரிட்ஜின் உட்பக்கம் 4 நாள் தாங்கும், கதவுத் தட்டில் வேண்டாம். குழந்தை குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடச் சொல்லுங்கள்.

மாற்று ஆளாக எதிர் ஷிஃப்ட் தோழியைப் பிடியுங்கள். ஒரே ஷிஃப்ட் என்றால் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேவைப்படும்.