ஜூலை வெக்கையில் கிரீனைக் காப்பாற்றிய அனுபவம்

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்தரை பராமரிப்பு என் வேலை. எங்கள் கிரீன்களில், அதாவது பந்து விழும் குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பகுதிகளில், இருப்பது பென்ட்கிராஸ். குளிர்ப் பிரதேசத்துப் புல். ஜூலையில் அது மஞ்சளடித்ததும், வெயிலில் காய்கிறது என்று நினைத்து இரவுத் தண்ணீரைக் கூட்டினேன். நாலே நாளில் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

கத்தியால் மண்ணோடு ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன். வேர் 2 செ.மீ. கூட இல்லை, மண் சேறாக நாறியது. பாவம், புல்லுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஈர மண் சூடானால் வேருக்குக் காற்று கிடைக்காது. காற்றில் ஈரப்பதம் அதிகமென்றால் இலையும் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது.

முதலில் இரவுத் தண்ணீரை நிறுத்தினேன். அப்புறம் 6 மி.மீ. கம்பிகளால் கிரீன் முழுக்கத் துளை போட்டோம். வெட்டும் உயரத்தை 3 மி.மீ.இலிருந்து 4 ஆக்கினேன். பந்து மெதுவாக ஓடுகிறது என்று ஆட்டக்காரர்கள் குறைப்பட்டார்கள். சரி, முதலில் புல் பிழைக்கட்டும் என்றேன். காலையில் காய்ந்த இடங்களுக்கு மட்டும் ஹோஸில் தண்ணீர். மதியம் இலை நனையும் அளவுக்கு மெல்லிய தூறல். மரங்கள் சூழ்ந்து காற்றே புகாத கிரீனுக்குப் பெரிய ஃபேன் வைத்தோம். என்னைக் கேட்டால், அதுதான் அதிகம் உதவியது.

செப்டம்பரில் இரவுகள் குளிரத் தொடங்கியதும் மறுபடி வெட்டிப் பார்த்தேன். துளைகள் வழியே வெள்ளை வேர்கள் இறங்கியிருந்தன.