கயாக் வாங்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கயாக் என்னும் துடுப்புப் படகை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "கவிழாதது எது?" என்றுதான். கவிழாத கயாக் கிடையாது. கவிழ்ந்தால் தண்ணீரில் மிதந்தபடியே மறுபடி ஏறி உட்கார முடியுமா என்று கேளுங்கள்.

தட்டையான அடிப்பாகமும் 30 அங்குலத்துக்கு மேல் அகலமும் உள்ள கயாக், ஏரியிலும் முட்டுக்காடு மாதிரி கழிமுகத்திலும் அசையாமல் நிற்கும். அதையே கடலில் பக்கவாட்டு அலையில் விட்டால், அலையின் சரிவோடு தானும் சரியும். ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று புரண்டுவிடும். அடிப்பாகம் லேசாக வளைந்த கயாக் உட்கார்ந்தவுடன் ஆடும், ஆனால் சாய்ந்த பிறகும் தாங்கும். கரையோரம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'இது ஆடுகிறது' என்று ஒதுக்குவது அவசர முடிவு.

கால்கள் படகுக்குள் போகும்படி உள்ளே உட்காரும் வகையை வாங்கினால், இருக்கைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் புகாத தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று சாமான் அறையின் மூடியைத் திறந்து, கையை விட்டுப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் பின்னால் மட்டும் ஒன்று இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. தடுப்பு இல்லாமல் கவிழ்ந்தால் 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விடும். அந்தக் கனத்தோடு அதை நிமிர்த்தி, நடுத்தண்ணீரில் இறைத்து, ஏறுவது புதியவரால் ஆகாத காரியம். நம் ஊர் வெயிலுக்கும் வெதுவெதுப்பான தண்ணீருக்கும், பழகுபவருக்கு மூடிய படகின் மேலே உட்காரும் வகைதான் சரி. கவிழ்ந்ததைப் புரட்டி நிமிர்த்தினால், வடிகால் துளைகள் வழியாகத் தண்ணீர் தானே வடிந்துவிடும். குறுக்கே படுத்து, காலை உதைத்து ஏறிவிடலாம்.

எடை விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். '120 கிலோ தாங்கும்' என்றால் 120 கிலோவோடு நன்றாக ஓடும் என்று பொருள் அல்ல. அதில் 70 சதவீதத்தை, அதாவது 84 கிலோவை, எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆள் 80 கிலோ, தண்ணீர், பை, தூண்டில் எல்லாம் 10 கிலோ என்றால் 130 கிலோ தாங்கும் கயாக்தான் வேண்டும். பாரம் கூடினால் வடிகால் துளைகள் வழியாகத் தண்ணீர் மேலேறி இருக்கையில் தேங்கும். துளைகளை அடைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அலையில் உள்ளே விழும் தண்ணீர் பிறகு எப்படி வெளியேறும்?

நீளத்தை இடம் தீர்மானிக்கட்டும். பிச்சாவரம் போன்ற குறுகிய அலையாத்தி வாய்க்கால்களுக்கு 9, 10 அடி போதும், சுலபமாகத் திரும்பும். திறந்த நீரில் அதே கயாக் ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கை இடமும் வலமும் ஆட்டும். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறினால் நேராகப் போகவே பாதி உழைப்பு போய்விடும். அங்கே 12 அடிக்கு மேல் நீளமும், அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு நிலைத்தகடும் இருந்தால் நல்லது.

காற்றடைத்த கயாக் மாடிவீட்டுக்காரர்களுக்கு வசதிதான். ஆனால் முழுக்காற்றோடு வெயிலில் கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், சூட்டில் காற்று விரிந்து ஒட்டு பிரிந்துவிடலாம்.

பிளாஸ்டிக் கயாக் சுமார் 25 கிலோ இருக்கும். கார் கூரையில் தனியாக ஏற்ற முடியுமா என்று கடையிலேயே தூக்கிப் பாருங்கள். துடுப்பையும் அப்போதே பொருத்திப் பாருங்கள்: அகலக் கயாக்குக்கு 230 செ.மீ.க்குக் குறைவாக எடுத்தால் விரல் முட்டி ஓரத்தில் இடித்துக்கொண்டே இருக்கும்.