வீட்டு வயரிங்: எதை நீங்களே மாற்றலாம், எதற்கு உரிமம் உள்ளவர் வேண்டும்

பல்பு, ஃபேன், பியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை மாற்ற உரிமம் தேவையில்லை. 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளில் இருந்த இந்த விலக்கு, மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது. ஆனால் மாற்றிய பிறகும் வயரிங்கின் திறனும் தன்மையும் பழையபடியே இருக்கவேண்டும். வேலை சின்னதா பெரியதா என்பது கணக்கில்லை.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 6 ஆம்பியர் சுவிட்ச் பழுதானால் மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டு, இன்னொரு 6 ஆம்பியர் சுவிட்ச் போடலாம். அதே பெட்டியில் 16 ஆம்பியர் பிளக் வைத்து கீசர் மாட்டினால் விலக்கு போய்விடும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். லைட்டுக்காக இழுத்த ஒரு ஸ்கொயர் (1 சதுர மி.மீ.) வயர் சுவருக்குள் சூடேறி, இன்சுலேஷன் கெடலாம். கீசருக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயரும் தனி எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) வேண்டும். அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று 10 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றி 32 போடுவது அதைவிட மோசம். வயரைக் காக்க இருந்த ஒரே பொருள் அது. பியூஸில் தடித்த கம்பி சுற்றுவதும் இதே வகைதான்.

புதிய பாயின்ட், ஏசி, இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், போர்வெல் மோட்டார் போன்றவற்றை உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்தான் எடுத்துச் செய்யவேண்டும். தகுதிச் சான்று உள்ள சூப்பர்வைசர் கூட நின்று பார்க்க, சான்றுள்ள வயர்மேன் வேலை செய்யவேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுத்த உரிமத்தைக் கேட்டு, காலாவதித் தேதியைப் பாருங்கள். வேறொருவர் உரிமத்தில் வயரிங் சோதனை அறிக்கைக்கு (டெஸ்ட் ரிப்போர்ட்) கையெழுத்து மட்டும் வாங்கித் தருகிறேன் என்றால் அந்த ஆள் வேண்டாம். அந்த டெஸ்ட் ரிப்போர்ட் எதையும் சோதிக்காத வெறும் காகிதம்.

உண்மையான சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். மெயினை அணைத்து, பல்புகளையும் சாதனங்களையும் கழற்றியபின், 500 வோல்ட் மெகரை (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) ஒரு நிமிடம் வைத்தால் லைனுக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகாஓம் காட்டவேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று எர்த் பைப்பின் கிளாம்பையும் போல்ட்டையும் அரித்துவிடும். அதனால் அந்த இணைப்பைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் முதலில் அதை வையுங்கள். எர்த் கெட்டிருந்தாலும், ஷாக் அடித்தால் கரண்டை உடனே துண்டிப்பது அதுதான்.

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தார் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். உரிமம் அந்தந்த மாநில அரசு தருவது. பாறசாலையில் வேலை செய்பவரிடம் கேரளா கொடுத்த பெர்மிட் இருக்கிறது என்பதற்காகத் தமிழ்நாட்டில் அது தானாகச் செல்லாது. தமிழ்நாடு அரசு ஏற்றதா என்று கேட்டபிறகே வேலையை ஒப்படையுங்கள். இங்கிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான்.

மீட்டருக்கு முன்னால் உள்ள வயரும் கட்அவுட்டும் ஈபியுடையவை. உரிமம் உள்ள வயர்மேனும் அவற்றைத் தொடக்கூடாது, 1912க்குச் சொல்லுங்கள்.