தண்ணி சூடானா மீன் ஏன் வேகமா மூச்சு விடுது? நீங்களே எண்ணிப் பாக்கலாம்

வெயில் நாள்ல உங்க கோல்ட்ஃபிஷ் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு நிக்குதா? என் தொட்டியில அப்படி நின்னப்ப பயந்துபோய்தான் நான் இதை எண்ண ஆரம்பிச்சேன். தண்ணி எவ்ளோ சூடோ மீனோட உடம்பும் கிட்டத்தட்ட அவ்ளோ சூடுதான், 10 டிகிரி ஏறினா அதுக்குத் தேவைப்படுற ஆக்சிஜன் தோராயமா 2 மடங்காகும். ஆனா சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மியாத்தான் கரையும், லிட்டருக்கு 20 டிகிரில 9.1 மில்லிகிராம், 30ல 7.6 அவ்ளோதான். தேவை ஏறுது வரவு இறங்குது, அப்போ செவுள் வழியா இன்னும் வேகமா தண்ணியைத் தள்ளித்தானே ஆகணும்.

1. தொட்டித் தண்ணியையே ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில எடுத்து மீனை விடுங்க. தெர்மாமீட்டர் உள்ள முங்குற மாதிரி இருக்கணும், கண்ணாடியில ஒட்டுற ஸ்ட்ரிப் எனக்குப் பிடிக்காது, ரூம் சூட்டையும் சேத்துக் காட்டும்.

2. இப்போ சும்மா இருங்க. நான் கோட்டை விட்டது இங்கதான். வலையில பிடிச்சு விட்ட உடனே எண்ணினேன், தாறுமாறா வந்துச்சு, அப்புறம் ஐஸ் வச்சு எண்ணினா பாதியா குறைஞ்சுது, குளிர்ச்சிதான் காரணம்னு நம்பிட்டேன். மறுநாள் ஐஸே வைக்காம 20 நிமிஷம் விட்டுப் பாத்தா அப்பவும் நல்லாவே குறைஞ்சுது! நான் எண்ணினது அதோட பயத்தை. அதனால குறைஞ்சது 20 நிமிஷம், ஜாடிக்கு மூணு பக்கம் பேப்பர் சுத்தி, நீங்களும் தள்ளி உக்காந்து, அடுத்தடுத்து எண்ணுற ரெண்டு எண்ணிக்கை ஒட்டி வந்தப்புறம்தான் அதை எழுதி வைக்கணும்.

3. செவுள் மூடி ஒரு தடவை திறந்து மூடினா ஒண்ணு. 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குங்க, மூணு தடவை எண்ணி சராசரி எடுங்க. மொபைல்ல வீடியோ எடுத்து ஸ்லோவா ஓடவிட்டு எண்ணுறதுதான் என்னைக் கேட்டா பெஸ்ட்.

4. ஜாடியை ஒரு பக்கெட்ல வச்சு, சுத்தி இருக்குற தண்ணியில ஐஸ் போடுங்க. ஜாடிக்குள்ள போடவே கூடாது, குழாய்த் தண்ணி ஐஸ்னா குளோரின் இருக்கும், சூடும் திடீர்னு விழும். மெதுவா 4 டிகிரி இறங்கினா போதும், மறுபடி எண்ணுங்க. முடிஞ்சதும் ஜாடியைத் தொட்டியில மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு மீனை விடுங்க. சூடேத்திப் பாக்காதீங்க ப்ளீஸ், மூச்சுக்குத் திணறுற உயிரை இன்னும் திணற வைக்கிறதுல எனக்கு உடன்பாடே இல்ல.

பீட்டா, கௌராமி வச்சிருந்தா இது சரியா வராது, அதுங்க மேல வந்து காத்தையும் நேரா இழுக்கும்.

பின்சேர்க்கை: குளிர வச்சும் குறையலைன்னு ரெண்டு பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. முதல்ல தண்ணியில அம்மோனியா டெஸ்ட் பண்ணுங்க, மீனோட கழிவுல இருந்து சேர்ற விஷம் அது, செவுளைப் பாதிக்கும். செவுள் அடிபட்டிருந்தா தண்ணி குளிர்ந்தாலும் வேகமாத்தான் அடிக்கும், சூட்டுல அம்மோனியாவோட விஷமும் கூடும். கால்வாசி தண்ணி மாத்துங்க, தீனியைக் குறைங்க, செரிக்கவும் ஆக்சிஜன் வேணும். ஏர் பம்ப் இருந்தா தண்ணியோட மேல்பரப்பு நல்லா கலங்குற மாதிரி வைங்க, குமிழியை விட அந்தக் கலங்கல்லதான் ஆக்சிஜன் அதிகமா உள்ள போகுது.