'மடோல் தூவ' நாவலை வகுப்பில் படிப்பிப்பது எப்படி?

தரம் 9 பிள்ளைகளிடம் ஒரு நாவலைக் கொடுத்தால், "ரீச்சர், சுருக்கம் சொல்லுங்கோ" என்றுதான் முதலில் கேட்பார்கள். சொல்லிவிட்டால் அன்றோடு புத்தகம் மூடப்பட்டுவிடும். கிளிநொச்சிப் பக்கத்து வகுப்பில் எனக்குச் சரிவந்த வழி இது.

எடுத்துக்கொண்டது மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் சிங்களத்தில் வெளியிட்ட 'மடோல் தூவ', தமிழ் மொழிபெயர்ப்பில். உபாலி, ஜின்னா என்று இரண்டு பெடியள் வீட்டைவிட்டு ஓடி, பேய்ப் பயத்தில் ஊரார் ஒதுக்கிவைத்த தீவில் காடு வெட்டிப் பயிர் செய்கிற கதை.

முதலில் வரைபடம். குழுவுக்கு ஒரு டிமை பேப்பர், பென்சில். பிளாட்டிக்னம் பேனையைக் கடைசிவரை கொடுக்காதீர்கள், கொடுத்தால் நிறம் தீட்டுவதிலேயே பாடவேளை போய்விடும். ஒரு சட்டம் மட்டும்: மரமோ குடிசையோ எதை வரைந்தாலும் பக்கத்து இலக்கம் போட வேண்டும். இலக்கம் தேடுகிற சாட்டில் புத்தகம் வாசிக்கப்படும். புரொஜெக்டர் தேவையில்லை.

அடுத்தது பயிர் நாட்காட்டி. அந்தத் தீவைக் கொக்கிளாய்க் களப்புக்குக் கொண்டுவந்தால் எப்போது காடு வெட்டுவது, எப்போது விதைப்பது? கதை நடக்கும் கொக்கலை ஈர வலயம், இரண்டு பருவக்காற்றிலும் மழை. எங்களுக்கு வடகீழ்ப் பருவமழைதான், அதை நம்பித்தான் காலபோகம். வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காத பிள்ளைகள், யானைக்கும் பன்றிக்கும் வேலி எப்படிப் போடுவது என்று இங்கே எழும்பி நின்று சண்டை பிடிப்பார்கள். விடுங்கள். பிறகு, "உபாலி என்ன செய்தான், பக்கம் சொல்லு" என்று கதைக்குத் திருப்பலாம்.

மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். ஆசிரியர் கைந்நூல்களில் வழக்கமாக வரும் பயிற்சி ஒன்று உண்டு: "நீ வீட்டைவிட்டுப் போவதென்றால் பையில் எதை வைப்பாய்?" வன்னியில் இதை அப்படியே கேட்காதீர்கள். இன்றைய பிள்ளைகள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனால் தாய் தகப்பன் எதை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தார்கள், எதை வழியில் விட்டார்கள் என்பது வீட்டில் புழங்குகிற கதை. விளையாட்டுக்குக் கேட்ட கேள்வி சில பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்விடும், அதைத் தாங்க ஒரு பாடவேளை போதாது.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். பை உபாலியுடையது. தீவில் முதல் வாரம் தாக்குப்பிடிக்க அவனுக்கு வேண்டிய ஐந்து பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் கதையிலிருந்து ஒரு காரணம். எந்தப் பிள்ளையாவது தானாக வீட்டுக் கதையைச் சொன்னால் கேளுங்கள். குறுக்கே கேள்வி வேண்டாம், புள்ளியும் வேண்டாம்.

கடைசியாகக் கதிரை விளையாட்டு. ஒருவர் ஜின்னாவாக இருக்க, மற்றவர்கள் கேள்வி கேட்பது. கேள்விகளை முதல்நாளே துண்டில் எழுதி வாங்கிவிடுங்கள். வகுப்பில் யோசிக்கச் சொன்னால், "உங்கட பேர் என்ன?" என்பதைத் தாண்டாது.

பிற்சேர்க்கை: முல்லைத்தீவு ஆசிரியர் ஒருவர், தன் வகுப்பில் ஆட்கள் கூட, எல்லாருக்கும் முறை வராது என்றார். மூன்று கதிரை போடுங்கள், மூன்றிலும் ஜின்னா. ஒரே கேள்விக்கு மூன்று பதில் வந்தால், எது கதையோடு ஒத்துப்போகிறது என்று மற்றவர்கள் பக்கம் காட்டித் தீர்க்கட்டும்.