கிட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய ஜப்பான் பொம்மைக்கு விலை போடும்போது செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன்பு இணையத்தில் ஒரு ஹலோ கிட்டி உண்டியல் வாங்கினேன். கிட்டி என்பது ஜப்பானின் சான்ரியோ நிறுவனம் உருவாக்கிய வெள்ளைப் பூனை உருவம். கைக்கு அடக்கமான வினைல் பொம்மை. உட்கார்ந்த கோலம், காதோரம் சிவப்பு ரிப்பன். விற்றவர் '1976 ஒரிஜினல்' என்று போட்டிருந்தார். ஆதாரத்துக்கு அடிப்பாகத்தின் படமும் இருந்தது, ஆனால் அதில் '©1976' வரைக்கும்தான் தெரிந்தது. மீதியை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. பார்சலைப் பிரித்துப் பொம்மையைக் கவிழ்த்ததும் முழு வரியும் கண்ணில் பட்டது: '©1976, 1999 சான்ரியோ'. இருபத்து மூன்று வருடப் பழமை அந்த இடத்திலேயே காலி.

புதிதாகச் சேகரிப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த வரியில்தான். © குறிக்கு அடுத்து வரும் முதல் வருடம், அந்த உருவத்தின் மீது நிறுவனம் உரிமை கோரும் வருடம். பல வருடம் கழித்து வந்த கிட்டியிலும் 1976 இருக்கும். கமாவுக்குப் பிறகு வரும் இரண்டாவது வருடம்தான் அந்தக் குறிப்பிட்ட பொருளின் காலத்தைச் சொல்கிறது. கிட்டி பிறந்த வருடம் 1976 கூட இல்லை. வடிவமைப்பாளர் யூகோ ஷிமிசு அவளை வரைந்தது 1974-இல், அவள் படம் போட்ட முதல் பொருளான சின்னக் காசுப்பை கடைக்கு வந்தது 1975-இல். அடியில் ஒரே ஒரு வருடம் இருந்தால் அந்த வருடமே செய்த பொருள் என்றும் முடிவு கட்ட வேண்டாம். வருடத்தை மாற்றாமல் சில காலம் தொடர்ந்து அச்சடித்திருக்கலாம்.

சரி, வரி தேய்ந்துபோயிருந்தால்? அப்போது பெட்டியும் விலைச்சீட்டும் சாட்சி சொல்லும். பலர் பெட்டியில் மூலை மடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அதில் அச்சடித்திருப்பதைப் படிப்பதில்லை. ஜப்பானிய மொழி தெரியாது என்று பயப்பட வேண்டியதில்லை, எண்கள் போதும்.

முகவரிக்குப் பக்கத்தில் டோக்கியோ தொலைபேசி எண் இருந்தால் 03-க்குப் பிறகு எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள். 1991 ஜனவரி 1 அன்று டோக்கியோ எண்கள் எல்லாவற்றின் முன்னாலும் ஒரு 3 சேர்த்தார்கள். அதனால் ஏழு இலக்கம் என்றால் பெட்டி அதற்கு முந்தையது, எட்டு என்றால் பிந்தையது. அஞ்சல் குறியீடு ஏழு இலக்கமானது 1998 பிப்ரவரியில். அதற்கு முன் மூன்று அல்லது ஐந்து இலக்கம்தான். சதுரத்துக்குள் 'புரா' என்ற இரண்டு கதகானா (ஜப்பானிய எழுத்து வகை) எழுத்துகளோடு பிளாஸ்டிக் மறுசுழற்சிக் குறி இருந்தால், அந்த உறை ஏறக்குறைய 2001-க்குப் பிறகு வந்தது. பார்கோடு இருக்கிற பெட்டியைக் காட்டி '1976' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இவற்றில் எனக்குப் பிடித்தது விலைச்சீட்டுதான். ஜப்பானில் விற்பனை வரி 1989 ஏப்ரலில் 3 சதவீதமாக ஆரம்பித்தது. 1997-இல் 5, 2014-இல் 8, 2019 அக்டோபரில் 10 என்று ஏறியது. அடிப்படை விலை 500 யென் என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் 515 இருந்தால் 1989-க்கும் 1997-க்கும் நடுவில் ஒட்டியது. 525 என்றால் 1997-க்கும் 2014-க்கும் நடுவில். 540 என்றால் அதற்கு அடுத்த ஐந்து வருடம், 550 என்றால் சமீபத்திய சரக்கு. வெறும் 500 என்றால் எதுவும் சொல்ல முடியாது, வரி சேர்க்காமலும் நிறைய சீட்டு ஒட்டினார்கள். சீட்டைப் பிய்த்துச் சுத்தம் செய்து 'புத்தம் புதுசு மாதிரி' என்று விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பொம்மையின் ஜாதகத்தையே கிழித்துப் போட்டுவிட்டார்கள்!

பெட்டி, சீட்டு, எழுத்து எதுவும் இல்லையென்றால் கிட்டியின் கூட்டத்தைக் கவனியுங்கள். அவளுடைய தோழன் டியர் டேனியல் அறிமுகமானது 1999-இல். அவனும் சேர்ந்து நிற்கிற பொம்மையை எண்பதுகளின் சரக்கு என்று விற்க முடியாது, ஆனாலும் விற்கிறார்கள். கூட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளாததால் தலைகீழான தவறும் நடக்கும். கிட்டியின் ரிப்பன் அவளுடைய இடது காதில், அதாவது நாம் பார்க்கும்போது வலது பக்கம் இருக்கும். அது மறுபக்கம் இருந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ரிப்பன் மஞ்சளாகவும் இருந்தால் அது பெரும்பாலும் கிட்டியே இல்லை, அவளுடைய இரட்டைச் சகோதரி மிம்மி.

போலி என்ற பயத்தில் செய்யும் தவறுகள் இன்னும் இருக்கின்றன. 'மேட் இன் சைனா' என்று பார்த்ததும் பலருக்கு முகம் வாடிவிடும். ஜப்பானிய நிறுவனங்களின் அசல் பொம்மைகளே பல பத்தாண்டுகளாகச் சீனாவில்தான் தயாராகின்றன. பார்கோடு 45 அல்லது 49-இல் ஆரம்பித்தால் ஜப்பானில் செய்தது என்று நினைப்பதும் தப்பு. அந்த எண்ணைப் பதிந்த நிறுவனம் ஜப்பானில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாப் பொம்மைக்கும் ஒரே நிறுவனத்தின் பெயரைத் தேடுவதும் உதவாது. குமாமோன் என்ற கறுப்புக் கரடி குமாமோட்டோ மாகாண அரசின் சின்னம். 2011-இல் கியூஷூ புல்லட் ரயில் பாதை முழுமையாகத் திறந்ததை ஒட்டி உருவாக்கினார்கள். உள்நாட்டு நிறுவனங்கள் அனுமதி வாங்கினால் அதன் படத்தைக் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று மாகாணம் விட்டதால், பத்துப் பேர் பத்து விதமாகச் செய்திருப்பார்கள். பத்தும் அசலாக இருக்கலாம். அங்கே தேட வேண்டியது '©2010' என்று தொடங்கும் மாகாண அரசின் வரியையும் அதையொட்டி வரும் அனுமதி எண்ணையும்.

வண்ணத்துக்கு வருவோம். பழைய மென்வினைல் பொம்மைகளை ஜப்பானில் சோஃபுபி என்பார்கள். உலோக அச்சில் திரவ வினைலை ஊற்றிச் சூடாக்கி, இளக்கமாக இருக்கும்போதே வாய்ப்பகுதி வழியாக உருவி எடுப்பார்கள். பிறகு கண், ரிப்பன் போன்ற இடங்களுக்கு மறைப்புத் தகடு வைத்து வண்ணத்தைத் தெளிப்பார்கள். அதனால் கழுத்தின் உள்விளிம்பு கரடுமுரடாக இருப்பதும், மூக்கின் மஞ்சள் அரை மில்லிமீட்டர் வழிந்திருப்பதும் குறை ஆகாது. என் அனுபவத்தில் பழைய பொம்மை என்று விற்கும் ஒன்றில் கோடு பிசகாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், யாரோ மேலே பூசியிருக்கலாம். இருட்டில் புறஊதா டார்ச் அடித்தால் பழைய பூச்சும் புதிய பூச்சும் பல நேரம் வேறு வேறு நிறத்தில் தெரியும்.

வெள்ளைப் பொம்மைக்குப் பெரிய எதிரி மஞ்சள். விற்பவர் படம் எடுத்த விளக்கு மஞ்சளா, பொம்மை மஞ்சளா என்று தெரியாமல் விலை பேசுவார்கள். ரிப்பனின் அடிப்பக்கத்தையும் கைக்கு அடியிலும் காட்டும் படம் ஒன்று கேளுங்கள். வெயில் படாத அந்த இடத்துக்கும் நெற்றிக்கும் நிறம் ஒன்றாக இருந்தால் நிம்மதி. ரசாயனத்தில் ஊறவைத்து வெளுக்கும் வித்தையும் உண்டு. அப்படி வெளுத்தது நாளடைவில் மறுபடி மஞ்சளிக்கும்.

அப்புறம் பிசுபிசுப்பு. தொட்டால் ஒட்டும் பொம்மையை அழுக்கு என்று நினைத்து விலையைக் குறைத்துக் கேட்பார்கள், அல்லது வாங்கியதும் நகப்பூச்சு நீக்கியால் துடைப்பார்கள். இரண்டாவது காரியத்தைச் செய்தால் கிட்டிக்குக் கண்ணே இருக்காது. வினைலை மென்மையாக்க உள்ளே சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மேலே கசிகிறது, அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவினால் பெரும்பாலும் போகும், சில மாதத்தில் திரும்பியும் வரும். சென்னை மாதிரி ஊரில் சீக்கிரமே வரும்.

இதனால்தான் 'பிரிக்கவே இல்லை' என்ற சொல்லுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுப்பதில்லை. ஜப்பானிய விளம்பரங்களில் 'மிகைஃபூ' என்று வரும், பிரிக்காதது என்று பொருள். ஆனால் கசிந்த எண்ணெய் காற்றோட்டமில்லாத பைக்குள் தேங்கி, பிளாஸ்டிக் பை பொம்மையின் முகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிரிக்காத பெட்டிக்குள் அது இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, விற்பவருக்கும்தான்.

அளவில் ஏமாறுவது சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி நடக்கும். மெடிகாம் டாய் நிறுவனத்தின் பேர்பிரிக் கரடிகளில் கிட்டி வேடமிட்டதும் உண்டு. அதில் 100% என்றால் 7 சென்டிமீட்டர், 400% என்றால் 28, 1000% என்றால் 70. '100%' என்பதை முழு அளவு என்று புரிந்துகொண்டு பெட்டியைப் பிரித்தால் ஆள்காட்டி விரல் உயரத்தில் ஒன்று நிற்கும்.

விலைக்கு வந்தால், விற்பவர் கேட்கும் தொகையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. யாரும் வாங்காததால்தானே அது இன்னும் அங்கே கிடக்கிறது? யாஹூ ஜப்பான் ஏலத்தளத்தில் முடிந்த ஏலங்களையும், பழைய பொருள் விற்கும் மெர்காரி செயலியில் விற்றுத் தீர்ந்ததையும் மட்டும் பிரித்துப் பாருங்கள்.

கூட்டம் கூடியதே என்று விலை வைப்பதும் வேண்டாம். 2000 ஜனவரியில் சிங்கப்பூர் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் கல்யாணக் கோலத்தில் கிட்டி, டேனியல் துணிப் பொம்மைகள் வந்தபோது மக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். தள்ளுமுள்ளில் ஒரு கடையின் கண்ணாடிக் கதவு உடைந்து சிலருக்குக் காயம். அன்று அடித்துப்பிடித்து வாங்கியவர்கள் அதைக் குப்பையில் போடுவார்களா? பத்திரமாக எடுத்து வைத்தார்கள், எல்லோருமே. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் அரிதாவது கஷ்டம்.

உண்டியல் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. அடியில் காசு எடுக்கும் மூடி இருக்கிறதா என்று கேளுங்கள், அது தொலைந்திருந்தால் விலை நன்றாக இறங்கும். இப்போது நான் விற்பவருக்கு முதலில் அனுப்புவது ஒரே செய்திதான்: அடிப்பாகம் முழுதாக, ரிப்பனின் அடிப்பக்கம், கழுத்தின் பின்புறம், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒன்று. நான்கு படம், விரல் மறைக்காமல். விரல் மறைக்காமல் என்பதை இரண்டு தடவை எழுதுகிறேன்.